மூச்சு வாங்கக் கூடாது

அன்றைக்குக் கிரிக்கு ஒரே ஒரு வேலைதான். அருவிவரை போய்த் திரும்பி வர வேண்டும். ரகுநாதன் பார்க்கும்போது மூச்சு வாங்கக் கூடாது. அந்த ஒரு வேலைக்கு ஒத்தாசையாகத்தான் ஆண்டனியும் வருவதாகப் பெயர் கொடுத்திருந்தான். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, பூசைக்குப் போகிற நேரத்தில், கம்பெனி கொடுத்த நீலத் தொப்பியை மாட்டிக்கொண்டு விகாராபாத் பக்கத்துக் காட்டில் கல்லிலும் முள்ளிலும் நடக்க அவனுக்கு என்ன தலையெழுத்தா?

பட்டான்செருவில் மாத்திரைக்கு மூலச்சரக்கு தயாரிக்கிற ஆலை அது. அங்கே கான்ட்ராக்ட் ஆட்களை அனுப்புகிறவன் மாறப்போகிறான். புதிதாக வருகிறவன் பழைய ஆட்களில் பாதிப்பேரைத்தான் வைத்துக்கொள்வான் என்று பேச்சு. எந்தப் பாதி என்பதை உற்பத்திப் பிரிவின் தலைவர் ரகுநாதன் சொல்வார். ரகுநாதன் கோயம்புத்தூர்க்காரர். சைனிக்புரியில் குடியிருப்பவர். லீவு கிடைத்தால் மலை மலையாக ஏறுகிறவர். கூட்டுகிற பெருக்குகிற ஆளைக்கூட 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவார். "ஒரு ஆளை ஆறு மாசம் வேலை வாங்கித் தெரிஞ்சுக்கறதை மலையில அரை நாள்ல தெரிஞ்சுக்கலாமுங்க" என்று சொல்லித்தான் ஷிப்ட் ஆட்களை ஒரு பஸ்ஸில் ஏற்றியிருந்தார். அவர் தன் காரில் முன்னால் போனார். சோறு போட்டு, தொப்பி கொடுத்து, ஆளைத் தட்டிப் பார்க்கிற உல்லாசப் பயணம்.

கிரிக்கு நெஞ்சில் கோளாறு. அது ஆண்டனிக்குத் தெரியும். கிரியின் மனைவி காஞ்சனாவுக்குத் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியக் கூடாது.

கோளாறு வந்த கதை சின்னதுதான். ஆலையில் ரியாக்டர் என்பது இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கிற எஃகு அண்டா. ஒரு சரக்கு முடிந்து அடுத்ததைப் போடுமுன் ஆள் இறங்கி அதன் உட்புறத்தைச் சுரண்டிக் கழுவ வேண்டும். இறங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டுவார்கள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அண்டாவின் வாயருகில் இன்னொருவன் நிற்பான். இறங்குகிறவன் எப்போதும் கான்ட்ராக்ட் ஆள். கயிறு பிடிக்கிறவன் எப்போதும் நிரந்தரத் தொழிலாளி. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஒருநாளும் மாறியதும் இல்லை. முகமூடிக்குள்ளிருந்து கத்தினால் வெளியே கேட்காது. அதனால் தட்டுவார்கள். ஸ்பேனரால் சுவரில் 'டக் டக்' என்று இரண்டு தட்டு தட்டினால், நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். கொஞ்சம் விட்டு மறுபடி இரண்டு. தட்டு நின்றால் மேலே நிற்கிறவன் ஏன் எதற்கு என்று கேட்காமல் இழுத்துவிட வேண்டும்.

மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த ஆண்டனி நிரந்தரம். திருவண்ணாமலைப் பக்கமிருந்து பிழைக்க வந்த கிரி கான்ட்ராக்ட். வருடக்கணக்காக இவன் இறங்க, அவன் பிடித்தான். இந்த வருடம் மழை தொடங்கிய சமயம், அண்டாவின் அடியில் தேங்கியிருந்த கசடில் தண்ணீர் பட்டு வெள்ளைப் புகை கிளம்பியது. முகமூடியின் வடிகட்டி பழசு. அப்போதே மேலே வந்திருக்க வேண்டும். பாதியில் வந்தால் சூப்பர்வைசர் வாயில் விழ வேண்டும், மறுபடி ஒருதரம் இறங்கவும் வேண்டும். அதனால் கிரி புகைக்குள் நின்றுகொண்டே 'டக் டக்' என்று தட்டினான். ஆண்டனி நம்பினான். தட்டு நின்றதும் இழுத்து வெளியே போட்டபோது கிரியின் கண் இரண்டும் ரத்தமாக இருந்தன. வாயைத் திறந்து திறந்து மூடினான். உள்ளே எதுவும் போகவில்லை.

விஷயம் வெளியே தெரிந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறவன் கிரிதான் என்று இருவருக்கும் தெரியும். கேட்டவர்களுக்கெல்லாம் வெறும் இருமல் என்றார்கள். ரகுநாதன் வந்து விசாரித்தபோது கிரியால் பேச முடியவில்லை. அவருக்கும் ஆண்டனிதான் பதில் சொன்னான், வெறும் இருமல் என்று. இருமல் நின்றுவிட்டது. மூச்சுதான் பழையபடி திரும்பவில்லை.

"கைக்குடா இப்பவே பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்துகினு இருக்கே?" என்றான் ஆண்டனி, பஸ்ஸில். "டென்ஷன் நக்கோ." உருது கலந்த தமிழ் அவனுடையது. கைக்கு என்றால் ஏன், நக்கோ என்றால் வேண்டாம்.

"உன் தமிழக் கேட்டாத்தான் மச்சான் எனக்கு மூச்சு முட்டுது. எங்க ஊர்ல இப்பிடிப் பேசினா பேய் புடிச்சிருக்குன்னு வேப்பிலை அடிப்பாங்க."

"அடிச்சா வாங்கிக்கிறேன். காஞ்சனா என்னா சொல்லிச்சு?"

"ஒரு வாரமா மாடிப்படி ஏத்தி எறக்குறா. சோறு கொதிக்கிறதுக்குள்ள மொட்டை மாடி போய்ட்டு வரணும், கையில தண்ணி கேனோட. கீழ்வீட்டு அம்மா பார்த்துட்டு, 'உன் புருஷன் போலீஸ் வேலைக்குப் போறாரா'ன்னு கேட்டுச்சாம்."

"வந்துச்சா?"

"போலீஸ் வேலையா?"

"மூச்சுடா, சாலே."

"மொத மாடி வரைக்கும் வந்துச்சு" என்று சிரித்தான் கிரி. அந்தச் சிரிப்புக்கே ஒரு இழுப்பு இழுக்க வேண்டியிருந்தது. ஆண்டனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ரோட்டிலிருந்து அருவிக்கு இறங்கித்தான் போக வேண்டும். அதுவே பாதி நிம்மதி. தேக்கும் மூங்கிலுமான சரிவு. செம்மண் மழையில் ஊறிச் சேறாகி, கால் வைத்த இடமெல்லாம் வழுக்கியது. இறக்கத்தில் கிரி தைரியமாகவே போனான். ரகுநாதனுக்கு இரண்டடி முன்னால் போய், "இந்தக் கல்லு ஆடுது சார், அந்தாண்ட கால் வைங்க" என்று வழி சொன்னான். ரகுநாதன் சொன்னபடி கால் வைத்தார். நல்ல கனமான பூட்ஸ் போட்டிருந்தார், கையில் மடக்குத் தடி. ஆட்களில் பாதிப்பேர் ரப்பர் செருப்பில் வந்திருந்தார்கள்.

அருவி பெரிதில்லை. இரண்டு மாடி உயரப் பாறையிலிருந்து செம்மண் கலந்த தண்ணீர் கொட்டியது. கீழே குட்டை. இளவட்டங்கள் சட்டையைக் கழற்றி வீசிவிட்டுக் குதித்தன. அலுவலகத்திலிருந்து வந்த ஸ்ரீஜா என்ற பெண் விசிலை ஊதி ஊதி, ஆழத்துக்குப் போகாதீர்கள் என்று தெலுங்கில் கத்திக்கொண்டிருந்தாள். ஒருவனும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொட்டலத்தில் புளிஹோரா என்கிற புளிச்சோறும் ஓர் அவித்த முட்டையும் கொடுத்தார்கள். கிரி தன் முட்டையை ஆண்டனியின் இலையில் வைத்தான். வயிறு நிறைந்தால் மூச்சுக்கு இடம் இருக்காது என்பது அவன் கண்டுபிடிப்பு.

ஆண்டனி மனசுக்குள் கணக்குப் போட்டான். இனி ஏறுவதுதான் பாக்கி. கூட்டத்தின் கடைசியில் மெதுவாக ஏறினால் யார் கவனிக்கப்போகிறார்கள்? ஈரத்துணியோடு எல்லோருமே மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறுவார்கள்.

அப்போதுதான் ரகுநாதன் எழுந்து நின்றார்.

"இது எல்லாரும் வந்து போற எடமுங்க. இந்த ஓடையைப் புடிச்சு மேலே போனா இன்னொரு அருவி இருக்குதாம். பாதையெல்லாம் கெடையாது. நாமதான் தேடிக்கிட்டுப் போகோணும். யாரு வர்றீங்க?"

ஒருவன் இலையை மடிக்க ஆரம்பித்தான். ஒருவன் தண்ணீருக்குள் முங்கிக்கொண்டான். வாரம் முழுக்க மூட்டை தூக்குகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை பாறை ஏறுவதில் என்ன ஆசை இருக்க முடியும்?

கிரி கையைத் தூக்கினான்.

ஆண்டனி அவன் விலாவில் கிள்ளினான். "பைத்தியமா உனக்கு?"

"எறங்குனதை எவன் மச்சான் கணக்குல வெப்பான்?" என்றான் கிரி பல்லைக் கடித்துக்கொண்டு. "ஏறுனாத்தான் அவரு கண்ணுல நிக்கும். பாரு, ஒருத்தன் எந்திரிக்கல. இதான் சான்ஸு."

"வெரிகுட், கிரி" என்றார் ரகுநாதன். "ஆண்டனி, நீங்களுங்களா?"

"வரேன் சார்" என்றான் ஆண்டனி. கயிறு பிடிக்கிறவன் வேறு என்ன சொல்வான்?

மூவரும் அருவியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறி ஓடைக்குள் இறங்கினார்கள். அதற்கப்புறம் பாதை என்ற ஒன்றே இல்லை. ஓடை நெடுக அண்டா அண்டாவாகப் பாறை. பாறை இல்லாத இடத்தில் இடுப்பளவு உண்ணிச்செடி. அதன் முள் கால்சட்டையைப் பிடித்து இழுத்தது. மரத்துக்கு மரம் சிலந்தி கட்டிவைத்த வலை முகத்தில் ஒட்டியது. ஒரு கிளையைப் பிடித்தால் செவ்வெறும்பு கைக்குள் இறங்கிக் கடித்தது. ரகுநாதனுக்கு எல்லாமே சந்தோஷமாக இருந்தது. தடியால் செடியை விலக்கி, "இங்க மனுஷன் காலே பட்டிருக்காதுங்க" என்றார். அவர் சொன்ன இடத்தில் ஒரு பழைய குட்கா பாக்கெட் கிடந்தது. ஆண்டனி அதை மிதித்துக்கொண்டு போனான்.

கிரி முதலில் சாமர்த்தியமாகத்தான் சமாளித்தான். மூச்சு முட்டும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்டான். "சார், நீங்க இமயமலை போயிருக்கீங்களா?" ரகுநாதன் நின்று, திரும்பி, பனியையும் கூடாரத்தையும் பற்றி விலாவாரியாகச் சொன்னார். அவர் பேசுகிற நேரத்தில் கிரி மூக்கால் இழுத்து வாயால் விட்டுக்கொண்டான். கொஞ்ச தூரம் போனதும், "சார், அங்க புலி இருக்குமா?" அடுத்து, ஷூ லேஸ். அதற்கடுத்து, பாறையில் ஒரு ஓணானைக் காட்டினான். பிறகு கேட்பதற்குக் கேள்வி இருந்தது, கேட்க மூச்சு இல்லை. உதட்டோரம் வெளுப்பதை ஆண்டனி பார்த்தான். ரகுநாதன் இன்னும் ஒருதரம் திரும்பினால் அவரும் பார்த்துவிடுவார்.

ஓடைக்கு இடப்பக்கம் ஒரு மேட்டில் காட்டுச் சீத்தாப்பழம் புதர் புதராக நின்றது.

"சார்" என்று ஆண்டனி கூப்பிட்டான். "நீங்க ஓடையோடவே போங்க. நாங்க அந்த மேட்டு மேல ஏறி, ரெண்டு சீத்தாப்பழம் பறிச்சுகினு அந்தப் பக்கமா வந்துர்றோம். எங்க பாப்பாவுக்கு உசுரு."

"பறிக்கலாமுங்களா? காட்டு ஆப்பீசருங்க..." என்று இழுத்தவர், பிறகு, "சரி, வாங்க. மேலே பார்க்கலாம்" என்று தடியை ஊன்றிக்கொண்டு போனார். பூட்ஸ் சத்தம் அடுத்த வளைவில் தேய்ந்தது.

கிரி அங்கேயே ஒரு தேக்கு மரத்தடியில் சரிந்தான். இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, கழுத்து நரம்பு புடைக்க இழுத்தான். உள்ளே போவது கொஞ்சம், விசில் மாதிரி வெளியே வருவது அதைவிடக் கொஞ்சம். ஆண்டனி அவன் பையைக் குடைந்தான். தண்ணீர் பாட்டில், துண்டு, செல்போன்.

"உறிஞ்சற மருந்து எங்கடா?"

கிரி தலையை ஆட்டினான். "வீட்ல. சார் கண்ணுல பட்டா... அவதான் எடுத்து வெச்சிட்டா."

"அடிப்பாவி."

"அவள ஏன் திட்டற? நானா இருந்தாலும் எடுத்து வெச்சிருப்பேன்." இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தான். பிறகு, "நீ போ மச்சான். அவரு கூடப் போய் நில்லு. ரெண்டு பேரும் காணலன்னா தேடிக்கிட்டு வந்துருவாரு."

"உன்னை வுட்டுட்டா? நக்கோ."

"போடா. உட்கார்ந்தா சரியாய்டும். எப்பவும் சரியாய்டும். பழம் பறிக்கிறான்னு சொல்லு. நான் தட்டறேன்." கிரி கையெட்டும் தூரத்தில் கிடந்த கல்லை எடுத்துப் பக்கத்துப் பாறையில் தட்டிக் காட்டினான். டக் டக். "கேக்குதில்ல? இது கேக்கற வரைக்கும் எனக்கு ஒண்ணுமில்ல. போ."

ஆண்டனி போனான். பத்தடிக்கு ஒருதரம் நின்று காது கொடுத்தான். டக் டக். போனான். டக் டக். வழக்கமான தாளம்தான். ஆலையில் வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, தூக்கத்தில்கூட அந்த இரண்டு தட்டுக்கு அவன் தலையாட்டுவான் என்று அவன் மனைவி கேலி செய்வாள்.

இரண்டாவது அருவி என்று ரகுநாதன் தேடிப் போனது, பாறைச் சந்தில் ஒல்லியாக வழிகிற ஒரு நீர்க்கோடு. அதற்கே அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். போட்டோ எடுத்தார். தன்னை ஒன்று எடுக்கச் சொன்னார். ஆண்டனி எடுத்துக் கொடுத்தான்.

"கிரி எங்கீங்க?"

"பழம் பறிச்சுகினு இருக்கான் சார். வந்துருவான்."

டக் டக். காட்டுக்குள்ளிருந்து சத்தம் தெளிவாக வந்தது. ஆண்டனிக்கு நெஞ்சு இளகியது.

"உட்காருங்க ஆண்டனி." ரகுநாதன் பாட்டிலைத் திறந்து முதலில் அவனிடம் நீட்டினார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். கிரியைப் பத்தி எங்கிட்ட வேற மாதிரி சொல்லியிருந்தாங்க. மழைக்கு முந்தி இருந்த ஆள் இல்லை, உள்ளே எறங்கற வேலைக்கு இனி ஆக மாட்டாருன்னு. எனக்கும் சந்தேகந்தான்."

ஆண்டனி பாட்டிலைப் பிடித்தபடியே இருந்தான்.

"இன்னைக்குப் பார்த்தேனுங்க. அத்தனை பேர்ல அவரு ஒருத்தர்தான் கையைத் தூக்கினாரு. வழி நெடுகப் பேசிக்கிட்டே ஏறறாரு. முடியாதவனுக்குப் பேச்சு வருமுங்களா? நாளைக்குக் காலையில முதல் பேரா அவரு பேரைச் சொல்லிடறேன்."

டக் டக்.

ஆண்டனிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காட்டிக்கொள்ளாமல் எழுந்துபோய், பாறையில் வழிகிற தண்ணீரில் முகத்தைக் கழுவினான். ஒரு வாய் குடித்தான். இரும்பு வாடை அடித்தது. 'மாதாவே, ஜெயிச்சுட்டோம்' என்று அந்தத் தண்ணீரிடமே சொன்னான். நல்ல சேதியை உடனே ஓடிப்போய்ச் சொல்லலாம்தான். ஆனால் இன்னும் கொஞ்சம் இளைப்பாறட்டும், முகம் தெளிந்து எழுந்து வரட்டும், அவசரப்படுத்தினால் காரியம் கெட்டுவிடும் என்று நினைத்தான். திரும்பி வந்து ரகுநாதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான். அவர் கொடுத்த பாதாம் பருப்பைத் தின்றான். மெட்டுகுடா சர்ச் எந்த வருடம் கட்டியது என்று அவர் கேட்டதற்குத் தெரியாமலே ஒரு வருடத்தைச் சொன்னான். டக் டக். இடைவெளி. டக் டக்.

ரகுநாதன் திடீரென்று அவன் கையைப் பிடித்தார்.

"அசையாதீங்க. அங்க, அந்தப் பட்ட மரத்துல. தெரியுதுங்களா? மரங்கொத்தி. எவ்வளவு நேரமா தட்டிக்கிட்டே இருக்குது, நீங்க கவனிக்கலீங்களா?"

முதுகு பொன்னிறம், கொண்டை ரத்தச் சிவப்பு. பட்ட மரத்தில் செங்குத்தாக ஒட்டிக்கொண்டு, தலையைப் பின்னுக்கு வாங்கி அடித்தது. டக் டக். தலையைச் சாய்த்துப் பார்த்தது. டக் டக்.

ஆண்டனி காது முழுவதையும் மேட்டுப் பக்கம் திருப்பினான். அங்கிருந்து ஒன்றும் வரவில்லை.

அவன் ஓடியது ஓட்டமே இல்லை, விழுவதும் எழுவதும்தான். ஒரு செருப்பு சேற்றில் போய்விட்டது. "என்னாச்சுங்க? ஆண்டனி!" என்று பின்னால் ரகுநாதன் கத்தினார். கிரி தேக்கு மரத்தடியில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தான். உதடு நாவல்பழம் தின்றவன் உதடு மாதிரி இருந்தது. கை அந்தக் கல்லின்மேலேயே கிடந்தது. எப்போது தட்டை நிறுத்தினானோ, அவனுக்குத்தான் வெளிச்சம். ஆண்டனி அவன் கன்னத்தில் மாறி மாறி அறைந்தான். ஒரு இழுப்பு வந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

பின்னாலேயே வந்து சேர்ந்த ரகுநாதன் ஒரு பார்வை பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. தடியைத் தூக்கி எறிந்தார்.

அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த மனுஷன் தூக்கினார். ஆண்டனி முதுகில் போட்டுக்கொண்டால் அவர் பின்னாலிருந்து தாங்கினார். ஆண்டனிக்குக் கால் பின்னியபோது அவர் முதுகில் வாங்கினார். பாறையில் விழுந்து முட்டி கிழிந்து ரத்தம் பூட்ஸுக்குள் இறங்கியது, அவர் நிற்கவில்லை. குட்டையருகில் வந்ததும் இளவட்டங்கள் ஈர உடம்போடு ஓடிவந்து கிரியைக் கைமாற்றிக் கைமாற்றி ரோட்டுக்கு ஏற்றினார்கள். ஸ்ரீஜா விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்து அழுதாள். ரகுநாதன் காரை ஓட்டிய வேகத்தில் ஒரு எருமை மயிரிழையில் தப்பியது.

விகாராபாத்தில் முதலில் கண்ணில் பட்ட ஆஸ்பத்திரி. சின்ன வயசு டாக்டரம்மா, சுறுசுறுப்பானவள். வந்த கையோடு ஆக்ஸிஜன் மாட்டினாள், ஊசி போட்டாள், நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள். கிரியின் உதடு மெல்ல மெல்ல உதட்டு நிறத்துக்கு வந்தது. கண்ணைத் திறந்தான். முதலில் ஆண்டனியைப் பார்த்தான், அடுத்து வாசலில் நிற்கிற ரகுநாதனைப் பார்த்தான்.

"எப்பட்டிநுஞ்சி?" என்று தெலுங்கில் கேட்டாள் டாக்டரம்மா. எத்தனை நாளாக இப்படி இருக்கிறது?

கிரி ஒரு விரலால் தரையைக் காட்டினான். இன்றைக்குத்தான்.

அவள் நம்பவில்லை. நெஞ்சுக்குள் கேட்கிற சத்தம் ஒருநாள் சத்தமில்லை என்றாள். ஆண்டனியிடம் திரும்பினாள். இன்றைக்கு வந்தது என்றால் ஒரு வைத்தியம், பழசு என்றால் வேறு வைத்தியம், என்னைத் தப்பாகப் போக வைக்காதே என்றாள். முகமூடிக்கு மேலே கிரியின் கண் ஆண்டனியையே பிடித்துக்கொண்டிருந்தது. சொல்லாதே, சொல்லாதே, சொல்லாதே.

ஒருதரம் தட்டை நம்பினான். இன்றைக்கு இன்னொருதரம் நம்பினான். மூன்றாம் தரம் அவனால் முடியவில்லை.

"மழை ஆரம்பிச்சதிலேருந்து அம்மா" என்றான் ஆண்டனி தெலுங்கில். "ஃபேக்டரியில கெமிக்கல் புகை உள்ளே போயிடுச்சு."

டாக்டரம்மா நர்ஸிடம் வேறு ஏதோ மருந்தின் பெயரைச் சொன்னாள். கிரி கண்ணை மூடிக்கொண்டான்.

ரகுநாதன் ஆண்டனியை வராந்தாவுக்கு அழைத்துப்போனார். அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, கிழிந்த கால்சட்டையை முட்டிவரை சுருட்டினார். அவசரமே படவில்லை.

"மழை ஆரம்பிச்சதிலேருந்துங்களா?"

"ஆமா சார்."

"அப்ப இத்தனை நாளா மறைச்சிருக்காருங்க."

"மறைக்கல சார். உங்க ரியாக்டர்ல வந்தது சார் அது."

"அன்னைக்கே நான் வந்து கேட்டேனுங்களே ஆண்டனி. வெறும் இருமல்னு சொன்னது யாருங்க?" குரலில் கோபம் இல்லை. பஞ்சால் முட்டியை ஒற்றிக்கொண்டே பேசினார். "உங்களைக் குறை சொல்லலீங்க. யோசிச்சுப் பாருங்க. ஃபேக்டரியில வந்ததுன்னா, கயிறு புடிச்ச நீங்க அன்னைக்குச் சொன்னது பொய்யின்னு ஆகுது. இன்னைக்கு வந்ததுன்னா, ஓடையை விட்டு அவரைத் தனியா மேட்டுக்குக் கூட்டிட்டுப் போனது நீங்க. எங்கிட்ட பழம்னு சொன்னீங்க. எப்படிப் பார்த்தாலும்..." முடிக்காமல் விட்டார். "டீ சொல்லட்டுங்களா?"

ஆண்டனி இரண்டு வழியையும் மனசுக்குள் நடந்து பார்த்தான். இரண்டும் ஒரே இடத்தில் போய் முட்டின. அங்கே அவன்தான் நின்றுகொண்டிருந்தான்.

"அவன் பேரு, சார்? நாளைக்குச் சொல்றேன்னீங்களே?"

"முதல்ல உடம்பு தேறட்டுமுங்க" என்றார் ரகுநாதன். "இப்படிப்பட்டவரை மறுபடி ரியாக்டருக்குள்ள எறக்கறது பாவமுங்க. எனக்கு மனசு வராது."

அவர் மெய்யாகவேதான் சொன்னார். அதுதான் ஆண்டனிக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம்.

உள்ளே போனபோது கிரி முகமூடியைக் கொஞ்சம் விலக்கினான்.

"இத்தன நாள் பொத்திப் பொத்தி வெச்சத ஒத்தக் கேள்வியில அவுத்துட்டியே மச்சான்."

"செத்திருப்படா நீ."

"செத்திருந்தா கம்பெனிக்காரன் காஞ்சனாவுக்கு உள்ள ஒரு வேலை போட்டுக் குடுப்பான். வாயடைக்கவாவது குடுப்பான். இப்ப யாருக்குக் குடுப்பான், சொல்லு."

நர்ஸ் வந்து முகமூடியை இழுத்து மறுபடி சரியாக வைத்தாள். பேசக் கூடாது என்று இருவரையும் பொதுவாக அதட்டினாள். அப்போது ஆண்டனியின் சட்டைப்பையில் இருந்த கிரியின் செல்போன் அடித்தது. காஞ்சனா. அவன் அதைக் கிரியிடம் நீட்டினான். கிரி வாங்கவில்லை.

"நீதான வாயத் தொறந்த" என்றான் முகமூடிக்குள்ளிருந்து. "இதையும் நீயே சொல்லு." சுவர்ப் பக்கம் புரண்டு படுத்துக்கொண்டான்.

ஆண்டனி பச்சையை அழுத்தினான்.

"என்னங்க, எறங்கிட்டீங்களா?"

"நான் ஆண்டனிம்மா."

"அண்ணா! அவரு எங்க? மத்தியானத்துலேருந்து அடிக்கிறேன், டவரே இல்ல." பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது, கிரியின் சின்னப் பிள்ளை எதற்கோ இந்தியில் அடம்பிடித்துக்கொண்டிருந்தது. காஞ்சனா நகர்ந்து வேறு அறைக்குப் போயிருக்க வேண்டும், சத்தம் குறைந்தது. அவள் குரலும் குறைந்தது. "சார் பார்த்தாராண்ணா?"

"பார்த்தாரும்மா."

"நல்லாப் பார்த்தாரா? இவர் ஏறும்போது?"

"நல்லாப் பார்த்தாரு."

"அப்பாடி" என்றாள் அவள். பெரிய மூச்சாக ஒன்று விட்டாள். போனில் காற்றடிக்கிற மாதிரி கேட்டது. "அவருகிட்ட குடுங்கண்ணா."

கட்டிலுக்குப் பக்கத்தில் நர்ஸ் சிலிண்டரின் திருகை இன்னும் கொஞ்சம் திறந்துகொண்டிருந்தாள். வாசலில் ரகுநாதன் இரண்டு கையிலும் டீயோடு, ஒன்றை நீட்டியபடி, நொண்டிக்கொண்டு வந்து நின்றார்.

"காஞ்சனா" என்றான் ஆண்டனி. "பசங்கள கீழ்வீட்ல வுட்டுட்டு கிளம்பி வாம்மா."